தோற்கத் தெரிந்தவர்கள் தேவை

கூனிமலை நகரத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தேன்பாறை எஸ்டேட் மகளிர் கயிறு இழுப்போர் சங்கத்தில் ஏழே பேர்தான் இருந்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஓர் அணி, ஏழு பேரை எந்த மைதானத்திலும் கயிற்றைத் தொடவிட மாட்டார்கள் என்பதால், ஒன்பது வருடமாக அவர்கள் தாலுகா விளையாட்டு விழாவுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய், மற்றவர்கள் இழுப்பதை ஓரமாக உட்கார்ந்து பார்த்து, கை தட்டி, சாதத்தைச் சாப்பிட்டு, கடைசி பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

சங்கத்துக்குக் கட்டடம் கிடையாது, பேக்டரிக்குப் பின்னால் செங்குத்துப் பாறையின் விளிம்பு வரை நீளும் மைதானம்தான் அதன் இடம். சம்பளம், பரிசு, பேப்பரில் படம் எதுவும் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் குனிந்து தேயிலைக் கொழுந்து பறித்த முதுகு ஏழாவது நாள் பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்க்கக் கேட்டது, அதற்காகத் தொடங்கிய சங்கம் அது. கயிறு இழுக்கிறவர்கள் எதிராளியைப் பார்ப்பதில்லை. குதிகாலை மண்ணில் ஊன்றி, முழங்காலை விறைத்து, முதுகை முழுக்கச் சாய்த்து, மேகம் போவதைப் பார்த்துக்கொண்டேதான் இழுப்பார்கள். எதிராளியாக மைதானத்து ஓரத்தில் நின்ற ஒரு சில்வர் ஓக் மரமே ஒன்பது வருடம் போதுமானதாக இருந்தது.

எட்டாவது ஆளைத் தேடுவது செயலாளர் யோகத்தின் வேலை. கயிற்றில் முதல் இடமும் அவளுடையதுதான், குரல் கொடுப்பதும் அவள்தான். ஹனீபாவின் டீக்கடைச் சுவரில் அவள் ஒட்டிய நோட்டீஸ் மழையில் கரைய, மறுபடி ஒட்டி, மறுபடி கரைந்துகொண்டிருந்தது: உறுப்பினர் தேவை. வயது வரம்பு இல்லை. எடை வரம்பு இல்லை. சந்தா ஒரு பழைய நூல்சேலை.

சேலை எதற்கென்றால், சங்கத்தின் கயிறு பேக்டரி லாரியிலிருந்து கழித்துப் போட்ட தேங்காய் நார்க் கயிறு, வெறுங்கையால் பிடித்தால் தோலை உரித்துவிடும், அதனால் ஒவ்வொருத்தியும் தான் பிடிக்கும் இடத்தில் தன் சேலையைக் கிழித்துச் சுற்றிக்கொள்வாள். கயிற்றைப் பார்த்தாலே யார் யார் எங்கே நிற்பார்கள் என்று தெரியும். யோகத்தின் மஞ்சளில் தொடங்கி, பால்வாடி டீச்சர் அருள்மேரியின் வெள்ளையும் ஊதாவும் கடந்து, கடைசியில் மாரியாயியின் அரக்குச் சிவப்பில் முடியும். மாரியாயி பேக்டரியில் தேயிலை மூட்டை தூக்குகிறவள். கடைசி இடத்தில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவள் நின்றால் நின்றதுதான். அவளுடைய குதிகால்கள் ஒன்பது வருடமாக ஊன்றிய இரண்டு குழிகளில் மழைக்காலத்தில் தவளைகள் குடியிருந்தன.

"வாயேன் புள்ள, ஒரு ஞாயித்துக்கிழமை வந்து சும்மா புடிச்சுப் பாரு," என்று யோகம் இலை நிறுக்கும் இடத்தில் ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கேட்பாள்.

"ஏங்க்கா, ஆறு நாளா இழுக்கிறது பத்தாதா? வீட்டுல அந்த ஆளையும் சேர்த்துல்ல இழுத்துக்கிட்டு இருக்கேன்," என்று வரிசையே சிரிக்கும்.

இப்படியே போயிருக்கும், தமயந்தி மட்டும் இல்லாவிட்டால்.

தமயந்தி யோகத்தின் ஒரே மகள், கூனிமலையில் வாழ்க்கைப்பட்டவள். கூனிமலை எதிரிலேயே இருந்தது, முதுகு வளைந்த ஒருத்தி விறகு பொறுக்குவதைப் போல. தமயந்தியின் வீட்டு நீலத் தகரக் கூரை தெரியும், கூரைமேல் புகை தெரியும், வெயில் நாளில் கொடியில் காயும் துணிகூடத் தெரியும். ஆனால் ரோட்டு வழியே போனால் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், முப்பத்தொரு கொண்டை ஊசி வளைவு, மூன்று பஸ். யோகம் தினமும் காலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துவாள். மகளின் வீடு விரல் நகத்துக்குள் சரியாக அடங்கி மறையும். விரலை எடுத்தால் மறுபடி இருக்கும். "இருக்கா," என்று சொல்லிக்கொண்டு கூடையை மாட்டிக்கொள்வாள்.

ஆஸ்பத்திரி தேன்பாறைப் பக்கம் இருந்தது. போன வருடம் தமயந்திக்கு வலி எடுத்தபோது ஜீப்பில் போய் அழைத்துவரக் கிளம்பியவர்கள் யோகமும் மாரியாயியும். திரும்பி வரும் வழியில், இருபத்து மூன்றாவது வளைவில், மாரியாயியின் மடியில், குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. மிச்சம் இருந்த எட்டு வளைவுகளிலும் ஜீப்பை மெதுவாகவே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது தமயந்திக்கு மறுபடி ஆறாவது மாதம். ஐப்பசியில் நாள் குறித்திருந்தார்கள், ஐப்பசியில்தான் அந்த ரோடு வருடம் தவறாமல் சரிந்து விழும்.

ஆனி மாதத்துக் காற்றில் சில்வர் ஓக் மரம் விழுந்தது. அடுத்த ஞாயிறு ஏழு பேரும் எதிராளி இல்லாமல் மைதானத்தில் நின்றார்கள். மஞ்சு, அந்த மலைப் பனிமூட்டம், இறங்கிப் பள்ளத்தை நிரப்பி, எதிர்மலையை அழித்து, விளிம்புக்கு அப்பால் உலகமே வெள்ளையாக இருந்தது. கயிற்றின் முனையில் கல்லைக் கட்டி யோகம் அந்த வெள்ளைக்குள் வீசினாள், கீழே ஏதாவது மரத்தில் மாட்டும் என்று நினைத்து. மஞ்சுக்குள் தூரம் என்று ஒன்று கிடையாது. கயிறு போய், எதையோ பிடித்து, இறுகியது. யோகம் குரல் கொடுத்தாள், ஏழு முதுகுகள் சாய்ந்தன, கால் மணி நேரம் அசையாமல் இருந்தது, பிறகு நீண்ட தூக்கத்திலிருந்து ஒரு மாடு எழுந்திருப்பதைப் போல எதிர்ப்பக்கம் மெல்லக் கொடுத்தது.

மஞ்சு விலகியதும் கயிறு தளர்ந்து மடியில் விழுந்தது. யோகம் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தினாள். நீலக் கூரை நகத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

"மலை கொஞ்சம் இங்கிட்டு வந்திருக்கு," என்றாள்.

மாரியாயி இடுப்புக் கயிற்றை அவிழ்த்தபடி பார்த்தாள். "வராம? இன்னிக்கு எல்லாரும் ஒழுங்காத்தானே இழுத்தோம்."

வீட்டுக்குப் போவதற்குள் போன் வந்துவிட்டது. "அம்மா, மஞ்சுக்குள்ள இருந்து ஒரு கயிறு வாசல்ல வந்து விழுந்துச்சும்மா. மஞ்சத்துணி சுத்தியிருந்துச்சு. உன் சேலைன்னு பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. பலாமரத்துல நாலு சுத்துச் சுத்திக் கட்டிட்டேன். சரிதானே?"

"சரிதான் கண்ணு," என்றாள் யோகம். "அடுத்த ஞாயித்துக்கிழமை கயிறு வந்து விழுந்ததும் முடிச்ச இன்னும் இறுக்கிப் போடு."

அருள்மேரி பால்வாடிக் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏழு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்தால் அரை விரல் அகலம். இந்தக் கணக்கில் போனால் தமயந்தியின் பேரனுக்குக் கல்யாணம் ஆகும்போது மலை வந்து சேரும். ஐப்பசிக்குள் வர வேண்டுமானால் நானூறு பேராவது வேண்டும்.

"நானூறு," என்றாள் யோகம், ஒன்பது வருடமாக ஒரே ஓர் ஆளைத் தேடியவள், அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்து.

அன்றைக்குப் பிடித்த ஓட்டம் அது. காலைத் தேநீருக்கு முன்னாலும், மாலை இலை எடை போட்ட பின்னாலும், சங்கத்து ஏழு பேரும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு லைன் வீடாக ஏறி இறங்கினார்கள், கையில் நோட்டு, இடுப்பில் பேனா, யார் எதற்கு ஆசைப்படுவார்கள் என்று தெரிந்து அதைச் சொன்னார்கள். கூனிமலையில் அண்ணன் வீடு இருந்தவளிடம் அண்ணன் வாசலில் காபி குடிக்கலாம் என்றார்கள். மாமியாரோடு பேசாதவளிடம், ஞாயிறு காலை முழுக்க வீட்டை விட்டு வெளியே இருக்கலாம் என்றார்கள். முதுகு வலிக்காரியிடம் வானத்தைப் பற்றிச் சொன்னார்கள், அவள்தான் எட்டாவதாகச் சேர்ந்தாள். அணி முழுமையாகிவிட்டதை அந்தப் பரபரப்பில் யாருமே கவனிக்கவில்லை.

நார்க் கயிற்றில் எட்டுப் பேருக்குத்தான் இடம். அதற்குமேல் வந்தவர்களின் சேலைகளை மூன்று மூன்றாகப் பின்னி, மாரியாயியின் சிவப்புக்கு முன்னால் சேர்த்துச் சேர்த்துக் கயிற்றை நீட்டினார்கள். மாரியாயியோ எப்போதும் கடைசி. கயிறு வளர வளர அவள் மட்டும் அதே குழிகளில் நின்றாள், மற்ற எல்லோரும்தான் முன்னால் போனார்கள்.

முப்பது பேர் ஆனபோது ஆண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். ஐம்பது ஆனபோது ஹனீபா கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

"மகளிர் சங்கம்னு பேரு இருக்கே பாய்," என்றாள் மாரியாயி.

"பேரு கெடக்கட்டும் தாயி. ஞாயித்துக்கிழமை எல்லாரும் இங்க இருந்தா நான் யாருக்கு டீ ஆத்துறது? என் லுங்கிய எடுத்துக்க."

"சேலைதான் சந்தா."

ஹனீபா வீட்டுக்குப் போய் மனைவியைக் கையோடு கூட்டிவந்தார். அவள் சேலையைக் கொடுத்து உறுப்பினராகி, கணவனைத் தன் பொறுப்பில் சேர்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அதுவே சங்கத்தின் விதியாயிற்று. எஸ்டேட்டில் வேலை வாங்கும் கண்டக்டர் பொன்னுரங்கம்கூடக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வேலைக்காட்டில் தன்னிடம் திட்டு வாங்குகிற பெண்ணின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, அவள் பின்னாலேயே நின்று இழுத்தார்.

மலை வந்தது. ஆடியில் நீலக் கூரை மறைய முழுக் கட்டைவிரலையும் கேட்டது, ஆவணியில் உள்ளங்கையைக் கேட்டது. தேன்பாறை அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. கூனிமலை மேற்கே இருந்ததால் சூரியன் நாலரைக்கே அதன் முதுகுக்குப் பின்னால் போனது. துணி துவைக்கிறவர்கள் காலையிலேயே துவைத்தார்கள், பள்ளிக்கூடம் அரை மணி முன்னதாக மணி அடித்தது. இரண்டு மலைச் சேவல்களும் ஒன்றன் கூவலுக்கு மற்றது பதில் சொல்லத் தொடங்கி, எது தன் குரல் என்று குழம்பி, கடைசியில் ஆளுக்கொரு நாள் என்று கூவின. பள்ளத்து வழியே போய்வந்த யானைகள் மூன்று நாள் நின்று பார்த்துவிட்டுத் தெற்கே சுற்றிப் போகப் பழகின. நில அளவைக்காரர் ஒருவர் வந்து சங்கிலியை நீட்டினார், சுருட்டினார், மறுபடி நீட்டினார், ஹனீபாவிடம் இரண்டு டீ குடித்தார், பிறகு யோசித்துவிட்டுத் தன் மனைவியின் சேலையை எங்கே அனுப்ப வேண்டும் என்று விலாசம் கேட்டுக்கொண்டு போனார். பஸ் கண்டக்டர் ஒருவருக்குத்தான் கவலை. "இது இப்படியே வந்தா நான் டிக்கெட் கிழிக்கறதுக்கு முன்னாடி ஊரு வந்துருமே," என்று புலம்பிக்கொண்டே நூற்றுப் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்தார்.

புரட்டாசி பிறந்தபோது நோட்டில் நானூற்றுப் பதினொரு பெயர்கள். எதிர்ப்பாறையின் விளிம்பில் நீல வீடு, வீட்டு முன்னால் பலாமரம், மரத்தடியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தமயந்தி, எல்லாம் பேக்டரியின் நீளமே இருக்கும் தூரத்துக்கு வந்துவிட்டன. இடையில் செங்குத்தான பள்ளம், அடியில் வெள்ளம் போகும் ஓடை. ஆனால் பேச முடிந்தது.

"சாப்பிட்டியாடீ?" என்று யோகம் இங்கிருந்து கத்துவாள்.

"ரசம் சாதம்மா!" என்று அங்கிருந்து வரும். அது போதாதென்று பக்கத்து வீட்டுக்காரியின் குரலும் வரும்: "பொய்யி சொல்றா! ரெண்டு வாய்தான் தின்னா!"

அந்த வாரம்தான் மலை நின்றது.

மஞ்சு இறங்கியது, குரல் கொடுத்தாயிற்று, நானூற்றுப் பதினொரு முதுகுகள் சாய்ந்தன. கயிறு எதிர்ப்பக்கமும் சாய்ந்தது. மரத்தின் இழுப்பு இல்லை அது. மூச்சுவிடுகிற, காலை மாற்றுகிற, விட்டுவிட்டு இறுக்குகிற மனிதர்களின் இழுப்பு. மஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏலேலோ!"

தமயந்தியின் மாமனார் சின்னராசுவின் குரல். நம் மலையை இன்னொருத்தர் இழுத்துக்கொண்டு போவதா என்று கூனிமலைக்காரர்களுக்கும் ஒருநாள் ரோஷம் வந்திருந்தது. அவர்களும் சங்கம் தொடங்கியிருந்தார்கள், அவர்களும் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார்கள், பலாமரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து அவர்களே பிடித்துக்கொண்டார்கள்.

"சம்பந்தி! கொஞ்சம் விட்டுக் குடுங்க! புள்ளைக்கு நாள் நெருங்குது!" என்று மஞ்சு கலைந்ததும் யோகம் கத்தினாள்.

"எனக்கு மட்டும் பேரப்புள்ள இல்லையா சம்பந்தியம்மா? வரட்டும், உங்க மலை இங்க வரட்டும்! எங்க ஆளுங்க இப்பத்தான் இழுக்கவே ஆரம்பிச்சிருக்காங்க!"

இவர்கள் பத்துப் பேரைச் சேர்த்தால் அவர்கள் பத்துப் பேரைச் சேர்த்தார்கள். இவர்கள் பேக்டரிக் காவலாளியைக் கொண்டுவந்தால் அவர்கள் பூசாரியைக் கொண்டுவந்தார்கள். மூன்று ஞாயிறு, இரண்டு மலையும் ஒரு நூல் அசையவில்லை. அதைவிட மோசம், இரண்டு பக்கத்துக்கும் அது பிடித்துப்போயிற்று. எதிராளி என்று ஒருவன் கிடைத்த சந்தோஷத்தில் பாட்டுக் கட்டினார்கள், மேளம் கொண்டுவந்தார்கள், அசையாத கயிற்றுக்கு விசில் அடித்தார்கள். எதற்காக இழுக்கிறோம் என்பதைப் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளும் கட்டைவிரலை மடக்கி வைத்திருந்தவளும் தவிர எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஐப்பசி முதல் வாரம் ரோடு இரண்டு இடத்தில் சரிந்தது.

அன்று மாலை யோகம் சங்கத்தைக் கூட்டினாள். "நாம தோக்கணும்," என்றாள்.

மேளக்காரர் தட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினார்.

"ஒரு பக்கம் தோத்தாத்தான் மலை நகரும். அவங்க தோக்க மாட்டேங்குறாங்க. அப்ப நாம தோப்போம். அவங்க மலை இங்க வராட்டிப் போகுது, நம்ம மலை அங்க போகட்டும்."

"அவ்வளவுதானே? கயித்தை விட்டுட்டா முடிஞ்சுது," என்றார் கண்டக்டர் பொன்னுரங்கம்.

"விட்டா அவங்க மல்லாக்க விழுவாங்க, அவ்வளவுதான். மலை எப்படி வரும்? கயித்தைப் பிடிச்சுக்கிட்டே தோக்கணும். குதிகாலை எடுக்கக் கூடாது, எடுத்தா நாம மட்டும்தான் போவோம். கால் மண்ணுல ஊனினது ஊனினபடி இருக்க, சாஞ்ச முதுகை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா நிமித்தணும். அப்பத்தான் காலோட மலையும் வரும்."

முணுமுணுப்பு எழுந்தது. அதை மாரியாயியின் குரல் வெட்டியது.

"நான் மாட்டேன். கல்யாணத்துக்கு அவங்க சொன்ன நாள், அவங்க சொன்ன மண்டபம். சீர் கேட்டாங்க, குடுத்தோம். பந்தியில மொதல்ல அவங்க, மிச்சத்துக்கு நாம. பொண்ணைப் பெத்தவங்க இன்னும் எத்தனைலதான் தோக்கிறது? இந்தக் கயித்துல ஒன்பது வருசமா ஒருத்தன் என்னை ஒரு அங்குலம் அசைச்சதில்ல. இதையும் தூக்கி அந்தச் சின்னராசு கையில குடுக்கச் சொல்றியா?"

யோகத்துக்குத் தெரியும், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மறுநாள் நோட்டிலிருந்து பெயர்கள் உதிரத் தொடங்கின. ஜெயிக்க வந்தோம், தோற்கவா வந்தோம் என்று சேலையைத் திருப்பிக் கேட்டார்கள், பின்னலைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள் அருள்மேரி. நானூறு முந்நூறாகி, இருநூறாகி, அறுபதில் நின்றது. அறுபது பேர் நானூறு பேரைப் பிடித்துக்கொண்டே தோற்க முடியாது, பிய்த்துக்கொண்டுதான் போகும். யோகம் ஹனீபாவின் கடைச் சுவரில் புதிய நோட்டீஸை ஒட்டினாள்: தோற்கத் தெரிந்தவர்கள் தேவை. அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

முதலில் சிரித்தார்கள். பிறகு, மழை பிடித்த ஒரு மத்தியானம், இதுவரை கயிற்றின் பக்கமே வராத ஒருவர் கடை வாசலில் குடையை மடக்கினார். கப்பலில் வந்து இறங்கிய வேலாயுதம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலையில் பிறந்து, இளைஞனாக இந்த மலைக்குத் துரத்தப்பட்டவர்.

"ஒரு மலையையே தோத்துட்டு வந்தவன்மா நான்," என்றார். "எனக்கு முன்னுரிமை உண்டுதானே?" மனைவி விட்டுப் போன ஒரு சேலையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

அவருக்குப் பின்னால் வந்தார்கள், ஒவ்வொருவராக, பிறகு கூட்டமாக. பத்தாம் வகுப்பில் நாலுமுறை தோற்றவன் வந்தான், பஞ்சாயத்துத் தேர்தலில் ஒன்பது ஓட்டு வாங்கியவர் வந்தார், அந்த ஒன்பதும் யார் என்று இன்றுவரை தெரியாது என்று சொல்லிக்கொண்டே. பாடகியாக வேண்டும் என்று பட்டணம் போய்த் திரும்பிவந்து கொழுந்து பறித்தவள் வந்தாள், இரண்டு காதலையும் ஒரு கண்ணையும் இழந்த லாரி டிரைவர் வந்தார், கணவர்களைக் கள்ளுக்கும் கடலுக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நோட்டை எழுதி எழுதி அருள்மேரியின் விரல் வீங்கியது. ஜெயிக்க வாருங்கள் என்று அழைத்தபோது நாலு மாதத்தில் சேர்ந்ததைவிட, தோற்க வாருங்கள் என்று அழைத்த நாலு நாளில் அதிகம் பேர் சேர்ந்தார்கள். இவ்வளவு பேர் இந்த மலையில் எங்கே இருந்தார்கள் என்று ஹனீபா கேட்டார், கேட்டுக்கொண்டே டீ ஆற்றினார். வெட்கப்பட்டுக்கொண்டு, போனவர்களிலும் பாதிப்பேர் சேலையோடு திரும்பி வந்தார்கள்.

தோற்பதற்குப் பயிற்சி கடினமாக இருந்தது. பேக்டரிச் சுவரில் கயிற்றைக் கட்டிச் சாய்ந்து, யோகம் எண்ண எண்ண, மயிரிழை மயிரிழையாக முதுகை நிமிர்த்திப் பழகினார்கள். கண்டக்டர் பொன்னுரங்கம் ஒவ்வொரு தடவையும் தன்னையறியாமல் ஜெயித்துவிட, வேலைக்காட்டில் அவரிடம் திட்டு வாங்குகிற பெண் அவரைத் திட்டினாள். மாரியாயி மட்டும் வரவில்லை. அவளுடைய இரண்டு குழிகளிலும் தவளைகள் கத்தின.

ஐப்பசி பதினேழு, வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு எதிர்ப்பாறையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல் வந்தது. "யோகக்கா! பனிக்குடம் உடைஞ்சிருச்சு!"

பேக்டரிச் சங்கு ஊதியது. காட்டில் கூடைகள் இறங்கின. மழை விட்டு மஞ்சு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, கேட்டு வாங்கியதைப் போல. சேலைகளின் நிறமெல்லாம் ஒரு நீள வரிசையாக மைதானத்தில் கிடக்க, ஓடிவந்தவர்கள் தங்கள் தங்கள் நிறத்தைத் தேடிப் பிடித்தார்கள். சங்கைக் கேட்டு அங்கேயும் ஓடிவந்து பிடித்துக்கொள்ள, எதிர்ப்பக்கம் கயிறு இறுகியது. "ஏலேலோ!"

"கடைசி இடம்?" என்று யோகம் முன்னாலிருந்து கத்தினாள். கடைசி ஆள் இல்லாத கயிறு பாம்பு வாலைப் போல அலையும், அப்படியே எல்லோரையும் பாறைக்குக் கீழே சுருட்டிக்கொண்டு போய்விடும்.

வரிசையின் கோடியில் கயிறு ஒருமுறை அதிர்ந்து, நின்றது. மூட்டைத் தூசியோடு மாரியாயி இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள். தவளைகள் வெளியே குதித்தன.

"சாஞ்சுக்கங்க!" என்றாள் யோகம். அறுநூறுக்குமேல் முதுகுகள் சாய்ந்தன. "இப்ப, மெதுவா... தோப்போம்!"

வேலாயுதத்தின் முதுகுதான் முதலில் நிமிர்ந்தது, எந்தச் சிரமமும் இல்லாமல், ஒரு நாற்காலியிலிருந்து எழுவதைப் போல. பின்னால் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. குதிகாலுக்குக் கீழே மண் முனகியது, தேயிலைச் செடிகள் ஒரே பக்கமாகத் தலை சாய்த்தன, பேக்டரியின் கண்ணாடிகள் கிணுகிணுத்தன, லைன் வீடுகளில் அடுக்கிய பாத்திரங்கள் சரிந்து விழுந்தன, ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில்களும் ஓரடி உருண்டு நர்சுகள் பிடித்துக்கொண்டார்கள். தேன்பாறை, தன் பாறை, பயிர், சுடுகாடு, பால்வாடி, டீக்கடையோடு முன்னால் நகர்ந்தது.

பாதி தூரத்தில் நின்றது.

யோகம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. எல்லா முதுகும் நிமிர்ந்தாயிற்று, ஒரே ஒரு முதுகைத் தவிர. மொத்த மலையும் இப்போது அந்த ஒரு இடுப்பில் நின்றது.

"மாரி," என்றாள். கத்தவில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் அந்தச் சொல்லைப் பின்னால் நிற்பவரிடம் சொல்ல, அது கைமாறிக் கைமாறிக் கடைசிக்குப் போயிற்று.

பதிலும் அப்படியேதான் வந்தது, வாய்க்கு வாய், வேலாயுதத்தைக் கடந்து, ஹனீபாவைக் கடந்து, அருள்மேரியைக் கடந்து, முதல் இடத்துக்கு. "எத்தனையாவது வளைவு இது?"

"இருபத்து மூணு," என்று யோகம் சொல்லி அனுப்பினாள். "இன்னும் எட்டு இருக்கு."

கோடியில் மாரியாயி ஒரு மூச்சு விட்டாள். மூட்டை இறக்கும்போது விடுகிற மூச்சு. ஒன்பது வருடமாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த முதுகு எட்டுத் தடவை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர, மலை எட்டுத் தடவை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. எட்டாவதில் பாறையோடு பாறை மோதிய சத்தம் கேட்கும் என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது கதவு திறக்கும் சத்தம்.

மஞ்சு விலகியது. யோகம் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினாள். விரல் நீலத் தகரத்தில் முட்டியது.

கூனிமலையில் வெடி வெடித்தார்கள். சின்னராசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஜெயிச்சோம், ஜெயிச்சோம் என்று ஆடினார்கள். தேன்பாறைக்காரர்கள் அதற்குக் கை தட்டினார்கள், தாலுகா மைதானத்தில் தட்டிய அதே கை. அந்தக் கூச்சலுக்கு நடுவே தமயந்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் வாசற்படியிலிருந்து ஓர் எட்டு எடுத்து அம்மாவின் மலைக்கு வந்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி இருநூறு அடி. வளைவே கிடையாது.

நாலு மணிக்கு இருபது நிமிஷம் இருந்தபோது குழந்தை அழுதது. வராந்தாவில் நின்ற இரண்டு மலைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, உள்ளே போகும் ஒவ்வொருவரையும் திட்டுகிற மாதிரி அழுதது. சின்னராசு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாரியாயியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லா இழுத்தீங்க," என்றார்.

"தோத்தோம் சம்பந்தி," என்றாள் மாரியாயி. "சரியாப் பாத்தீங்களா, எப்படித் தோத்தோம்னு?"

நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து யார் மடி என்று தேடினாள். யோகம் மாரியாயியைக் கைகாட்டினாள். போன வருடம் இருந்த அதே மடியில், பழைய சேலைத்துணி சுற்றிய குழந்தை வந்து படுத்தது. அது ஒரு கையை வெளியே நீட்டி மாரியாயியின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. அவள் விரலை மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டே, முகம் சிவக்க, பிடியை இறுக்கியது.

"அருளு," என்றாள் மாரியாயி, விரலை எடுக்காமல், "நோட்டை எடு. இவளுக்குக் கடைசி இடம்னு எழுது."

அன்றைக்கு இரண்டாவது முறையாக அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, குழந்தை இழுத்த பக்கமே போனாள்.